கோழிக்குடல்

2024 ஜூன் 11, செவ்வாய்

கீரி வந்துவிட்டுப் போயிருக்கிறது. விடிந்ததும் கூடையைத் திறக்கப் போனால், கொட்டகைக்குப் பின்னால் நான்கு குஞ்சுகள் கிடக்கின்றன. ஒன்றைக்கூடத் தின்னவில்லை. கழுத்தைக் கடித்து ரத்தத்தை உறிஞ்சிவிட்டுப் போட்டிருக்கிறது. தாய்க்கோழிக்கு ஒரு கண் வீங்கிவிட்டது. சண்டை போட்டிருக்கிறது, பாவம். எனக்குத்தான் ஒன்றும் கேட்கவில்லை. செவலையும் குரைக்கவில்லை. நாயாகப் பிறந்து உனக்கு என்ன வேலை என்று அதை ஒரு உதை விட்டேன். வாலை ஆட்டிக்கொண்டே வாங்கிக்கொண்டது. அப்புறம் மனசு கேட்கவில்லை. என் களியில் பாதியை அதற்கு வைத்தேன்.

மஞ்சளைக் குழைத்துக் கோழியின் கண்ணைச் சுற்றிப் பூசியிருக்கிறேன். பிழைத்தால் சரி.

அவர் குடகுக் காப்பித் தோட்டத்துக்குப் போய் இரண்டு மாதம் ஆகிறது. கல்யாணமாகி ஆறு வருஷத்தில் இந்த வீட்டில் இருந்ததைவிட அங்கே இருந்ததுதான் அதிகம். பேச ஆள் இல்லாததால் இதில் எழுதுகிறேன். கோழியோடும் பேசுகிறேன்.

ஜூன் 15

கரையான் பானை நன்றாகப் பிடித்திருக்கிறது. பழைய பானையில் சாணியும் ஈரச் சாக்கும் திணித்துப் புற்றுப் பக்கம் கவிழ்த்து வைத்தால் விடிவதற்குள் கரையான் மொய்த்துவிடும். தட்டிப் போட்டதும் குஞ்சுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி மிதித்துக்கொண்டு தின்றன. இத்தனூண்டு உருவத்தில் என்ன வெறி!

கடைத் தீவனம் போட்டால் சீக்கிரம் எடை ஏறும் என்கிறார் ஜீப்கார பாண்டுரங்கன். ஏறும்தான். ஆனால் காட்டில் கிளறித் தின்று, கீழாநெல்லியும் பூண்டும் தவிர வேறு மருந்து அறியாத கோழி என்றுதான் ஜமுனாமரத்தூர் சந்தையில் என்னைத் தேடி வருகிறார்கள். கோழி திரிய நிலம் வேண்டும். நிலம் இருக்கிறது, ஆனால் பாகம் பிரிக்காத நிலம். பாதி எங்களுடையது, பாதி அவருடைய அண்ணன் சிங்காரம் மாமாவுடையது. எது எந்தப் பாதி என்று மாமாதான் சொல்வார். அன்றைக்கு என்ன தோன்றுகிறதோ அதைச் சொல்வார்.

ஜூன் 18

பள்ளிக்கூடத்து டீச்சர்கள் இரண்டு சேவல் கேட்டிருந்தார்கள், சுத்தம் செய்து. எனக்கு அறுக்கக் கை நடுங்காது. இறக்கைகளைக் காலால் மிதித்துக்கொண்டு, தலையைப் பின்னுக்கு வளைத்து, ஒரே இழுப்பு. இரண்டாவது சேவல் மட்டும் தலை போன பிறகும் எழுந்து சுவர் வரைக்கும் ஓடியது. சுவரெல்லாம் ரத்தம்.

மாமா சுவருக்கு அந்தப் பக்கம் பீடி பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொடல நாய்க்குப் போடாத. எங்கிட்ட குடு."

எதற்கென்று கேட்கவில்லை. ஊரில் எல்லோருக்கும் தெரியும். பன்றிக்கு அவுட்டுக்காய் வைக்கிறார். எலுமிச்சை அளவு வெடி உருண்டை. அதைக் கோழிக்குடலில் சுற்றிக் காட்டில் போட்டுவிட்டால், மோப்பம் பிடித்து வருகிற பன்றி கடிக்கும். கடித்த வாயிலேயே வெடிக்கும்.

குண்டானோடு தூக்கிக் கொடுத்துவிட்டேன்.

ஜூன் 24

பன்றி விழுந்தது. விழுந்தது என்று சொல்லக் கூடாது. முந்தாநாள் காலையில் சத்தம் கேட்டது. இன்று மத்தியானம்தான் கண்டுபிடித்தார்கள். கீழ்த்தாடை இல்லாமல் இரண்டு நாள் நடந்திருக்கிறது. ஓடையில் தண்ணீர் குடிக்கப் பார்த்து, குடிக்க வாய் இல்லாமல் அங்கேயே படுத்துவிட்டதாம். மாமாதான் கோடாலியால் மண்டையில் போட்டிருக்கிறார். சிரித்துக்கொண்டே சொன்னார்.

ஒரு பங்கு எனக்கும் வந்தது. மிளகு அரைத்துப் போட்டுக் குழம்பு வைத்தேன். தின்றேன். நன்றாகத்தான் இருந்தது.

ஜூலை 3

மழை. பலா மரத்தடியெல்லாம் பழம் விழுந்து அழுகுகிறது. பன்றிக் குளம்புத் தடம் வாசல் வரை.

ஜூலை 9

செவலை.

எப்படி எழுதுவது? காலையில் கொல்லை மேட்டில் டமால் என்று ஒரு சத்தம். கோழிகள் எல்லாம் ஒரே சமயத்தில் தலையைத் தூக்கின. பன்றிதான் என்று நினைத்தேன். பானை கழுவிக்கொண்டிருந்தேன், தொடர்ந்து கழுவினேன். கொஞ்ச நேரம் கழித்து அது வந்தது. என்னைத் தேடிக்கொண்டுதான் வந்தது. முகத்தில் கண் இருந்தது. கண்ணுக்குக் கீழே ஒன்றும் இல்லை. நாக்கு மட்டும் மார்பு வரை தொங்கிக்கொண்டு — வந்து என் காலடியில் உட்கார்ந்தது. வாலை ஆட்டியது. அய்யோ, வாலை ஆட்டிச்சி. நான் இன்னா பண்ணுவேன், யாரக் கூப்பிடுவேன்.

யாரும் வரவில்லை. மாமா வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. அம்மாக்கண்ணு அக்கா — மாமாவின் மனைவி — ஜன்னலில் நின்று பார்த்தது எனக்குத் தெரிந்தது.

கடப்பாரையை எடுத்தேன். முதல் அடி சரியாக விழவில்லை. என்னை நம்பித் தலையைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒன்றை அடிக்கக் கை வராது. இரண்டாவது அடி. மூன்றாவது. அப்புறம் எண்ணவில்லை. செத்த பிறகும் அடித்துக்கொண்டிருந்தேன் என்று நினைக்கிறேன். என் புடவை, கை, முகம் எல்லாம்.

கொல்லையில் நானே குழி வெட்டினேன். மாமா அப்போதுதான் வந்தார்.

"நாயி தானே. சந்தையில குட்டி விக்கிறான், ஒண்ணு வாங்கிக்க."

கையில் கடப்பாரை இருந்தது. அதை அவர் பார்த்தார். ஒரு அடி பின்னால் போனார். அந்த ஒரு அடியை நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

ஜூலை 14, ஞாயிறு

குடகிலிருந்து அவர் போன் செய்தார். செவலை செத்ததைச் சொன்னேன். எப்படி என்றும் சொன்னேன். பிறகு, "அண்ணங்கிட்ட வாய் குடுக்காத அன்பு. தீவாளிக்கு வர்றேன், பேசிக்கலாம்."

"கோழி மேயற எடத்துலதான் வெக்கிறாரு. நானும் அங்கதான் நடக்கிறேன்."

"பாத்து நட."

பாத்து நடக்கிறேன்.

ஆகஸ்ட் 6

வெள்ளைக்கழிச்சல். கீழ்த்தெருவில் ஆரம்பித்து இங்கேயும் வந்துவிட்டது. இறக்கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, கழுத்தை முறுக்கி வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கின்றன. சீரகம், மிளகு, கீழாநெல்லி, பூண்டு, மஞ்சள், வேப்பிலை எல்லாம் அரைத்து உருட்டி ஒவ்வொன்றின் வாயிலும் திணித்தேன். சிலது எழுந்துகொண்டன. நேற்று ஏழு செத்தது. இன்று மூன்றை நானே கழுத்தைத் திருகினேன், மற்றதுக்கு ஒட்டக் கூடாதென்று. மூன்றாவது, கண் வீங்கிப் பிழைத்த அந்தத் தாய்க்கோழி. கையில் அதன் சூடு ரொம்ப நேரம் இருந்தது.

அடுத்த ஈட்டுக் குஞ்சுகளுக்குச் சொட்டு மருந்தும் போட வேண்டும். ஆஸ்பத்திரிச் சொட்டு மருந்து போட்டால் கோழி ஒன்றும் பட்டணத்துக் கோழி ஆகிவிடாது. இந்தப் பிடிவாதத்தில் பத்து உயிர் போயிற்று.

ஆகஸ்ட் 7

செத்த கோழிகளைச் சுள்ளி அடுக்கி எரித்துக்கொண்டிருந்தேன். மாமா வந்தார். குடித்திருந்தார்.

"இன்னாமே, வெடிக்கு ஆவுற சரக்கெல்லாம் கொளுத்தற?"

"நோவு வந்த கோழி மாமா. எரிச்சாத்தான் அடங்கும்."

"குடுன்னா குடு."

"குடுக்க மாட்டேன். இனிமே கொடலும் குடுக்க மாட்டேன்."

நான்தான் சொன்னேன். வாய் என்னுடையதுதான். சொன்ன பிறகுதான் எனக்கே கேட்டது. அறைந்தார். காது அடைத்துவிட்டது. கீழே விழுந்ததும் வயிற்றில் ஒரு உதை. "புள்ள பெக்காத வயிறு, இதுல இன்னா கீது" என்றார். பிறகு நெருப்பில் கையை விட்டு இரண்டு கோழிகளை இழுத்தார். பாதி வெந்தது. புகைந்துகொண்டே தூக்கிக்கொண்டு போனார்.

வாயில் ஒரு பல் ஆடுகிறது. நாக்கால் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 8

ஊர்ப் பெரியவர் கருப்பனிடம் போனேன். வீங்கிய முகத்தோடு போனேன், பார்க்கட்டும் என்று. பார்த்தார். மோர் கொடுக்கச் சொன்னார்.

"அண்ணன் தம்பி வூட்டு வெவகாரம்மா. உம் புருசன் வரட்டும். அவன் சொன்னா நாங்க கேக்கறோம்."

"எம் மூஞ்சி சொல்றது கேக்கலிங்களா?"

அதற்கு அவர் மாட்டைப் பார்த்தார்.

செப்டம்பர் 2

கருங்கோழி அடையில் இருந்தது. கூடையில் மணல் பரப்பி, கரித்துண்டும் காய்ந்த மிளகாயும் போட்டு, பதினொரு முட்டை. இன்னும் இரண்டு மூன்று நாளில் பொரிக்க வேண்டியது. நான் ஓடைக்குப் போய் வருவதற்குள் மாமா உள்ளே புகுந்து, முட்டை மேலிருந்த கோழியை அப்படியே எடுத்திருக்கிறார். வரும்போது பார்த்தேன், காலைப் பிடித்துத் தலையைச் சுவரில் அடித்துக்கொண்டிருந்தார். அடைக்கோழி கத்தாது. அடைகாக்கும்போது அதற்குக் குரல் வேறு. உள்ளுக்குள்ளேயே குர் குர் என்று.

"நீ குடுக்கல. நான் எடுத்துக்கினேன்" என்றார்.

முட்டைகள் சூடாக இருந்தன. காதில் வைத்தால் உள்ளே கொத்துகிற சத்தம். மடியில் கட்டிக்கொண்டு அடுப்பங்கரையில் உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் பக்கத்து வளைவு வீடொன்றிலிருந்து ஒரு அடைக்கோழியை இரவல் வாங்கி வந்து வைத்தேன். அது இரண்டு முட்டையைக் கொத்தி உடைத்தது. மற்றதை ஏற்றுக்கொண்டது.

அந்தாள கொல்லணும். எழுதிட்டேன். எழுதினா இன்னா.

செப்டம்பர் 5

எட்டு குஞ்சு.

செப்டம்பர் 6

இப்போதெல்லாம் கொட்டகையைத் திறப்பதற்கு முன் நீளக் கழியோடு மேடு முழுக்கப் பார்த்து வருகிறேன். கோழி கிளறுகிற இடம், நான் சுள்ளி பொறுக்குகிற இடம். இன்று பலா மரத்தடியில் ஒன்று இருந்தது. இலையால் மூடி, ஈ மொய்த்துக்கொண்டு. அது என் கருங்கோழியின் குடல்.

தொடவில்லை. பெரிய கூடையைக் கவிழ்த்து, மேலே முள்ளைக் குவித்துவிட்டு மாமா வீட்டு வாசலில் போய் நின்றேன். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "உங்க பொருள் எங்க எடத்துல கீது, வந்து எடுத்துட்டுப் போங்க" என்றேன். அவர் வந்து பழம் பறிப்பதுபோல எடுத்துக்கொண்டு போனார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவருக்குக் கை நடுங்கவில்லை என்பதைப் பார்த்தேன்.

அக்டோபர் 3

சாமை பால் பிடித்திருக்கிறது. ராத்திரியெல்லாம் பன்றி. மாமாவுக்கு இது நல்ல காலம்.

அக்டோபர் 27

அவர் வந்துவிட்டார். மெலிந்திருக்கிறார். அட்டை கடித்த தழும்பு கால் முழுக்க. எனக்குப் புடவை, அண்ணனுக்கு வேட்டி, அக்காவுக்கும் புடவை.

என் பல்லைக் காட்டினேன். விரலால் தொட்டுப் பார்த்தார். கண் கலங்கியது. அண்ணனிடம் பேசுகிறேன் என்று பக்கத்து வீட்டுக்குப் போனார். ரொம்ப நேரம் கழித்துத் திரும்பி வந்தபோது சாராய வாடை. சிரிப்பு.

"அண்ணன் தெரியாத பண்ணிட்டாரு. சின்ன வயசுல அப்பன் செத்தப்ப என்ன வளத்தவரு அன்பு. என்ன தோள்ள தூக்கினு போயிதான் பள்ளிக்கூடத்துல சேத்தாரு."

அதுவும் நிஜம்தான். அவருக்கு அது, எனக்கு இது.

அக்டோபர் 29

மாமாவுக்குத் தீபாவளிக்குப் பன்றி வேண்டுமாம். இவரையும் கூப்பிட்டிருக்கிறார். போகக் கூடாது என்று வாசலில் மறித்தேன். மாமா சுவருக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "சின்னா, பொம்பளகிட்ட உத்தரவு வாங்கினு வா, நான் நிக்கிறேன்" என்றார்.

இவர் என் முடியைப் பிடித்து இழுத்துத் தள்ளிவிட்டுப் போனார். நெற்றி உரல் விளிம்பில் பட்டது. ஆறு வருஷத்தில் அவர் என் மேல் கை வைத்தது இதுதான் முதல் தடவை.

மஞ்சளை எனக்கே பூசிக்கொண்டேன்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. பன்றி விழவில்லை. கீழ்த்தெருவில் பிள்ளைகள் வெடி வெடிக்கிறார்கள். ஒவ்வொரு சத்தத்துக்கும் கொட்டகைக்குப் போய்க் கோழிகளை எண்ணிவிட்டு வருகிறேன்.

நவம்பர் 6

இப்போதுதான் எழுத முடிகிறது. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

சனிக்கிழமை. மறுநாள் சாமை அறுப்பு என்பதால், வயலில் வைத்ததில் வெடிக்காததையெல்லாம் எடுத்துவிட விடிகாலையில் இவரும் மாமாவும் போனார்கள். நான் கொட்டகையைத் திறந்துவிட்டுக் கூடையைத் தட்டிக்கொண்டிருந்தேன். கோழிகள் வயல் ஓரத்துக்குப் போய்விட்டன. அப்போது சத்தம். பன்றிக்கு வெடிக்கிற சத்தம் இல்லை அது, கிட்டத்தில். அப்புறம் அவர் குரல், "அண்ணா, அண்ணா" என்று. ஒரு ஆள் சாமைப் பயிரைப் பிளந்துகொண்டு காட்டுப் பக்கம் ஓடுவது தெரிந்தது. மாமாவின் சிவப்புத் துண்டு.

ஓடினேன். அவர் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார். வலது கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மணிக்கட்டு வரை இருந்தது. அதற்குப் பிறகு துணி கிழிந்த மாதிரி. ரத்தம் பீய்ச்சியது, என் முகத்தில் அடித்தது. முந்தானையைக் கிழித்து முழங்கைக்குக் கீழே இறுக்கினேன். கழியைச் செருகி முறுக்கினேன். அவர் கத்தினார். இன்னும் முறுக்கினேன்.

அப்போதுதான் கோழிகள் ஓடி வந்தன. நான் கரையான் தட்டிப் போட்டிருக்கிறேன் என்று நினைத்து. தரையில் கிடந்ததைக் கொத்தின. வெள்ளைச் சேவல் ஒரு விரலைத் தூக்கிக்கொண்டு ஓடியது. மற்றதெல்லாம் அதைத் துரத்தின, பிடுங்க. நான் அவர் கையை விட முடியாது. விட்டால் செத்துப்போவார். அங்கேயே உட்கார்ந்துகொண்டு பார்த்தேன். அவரும் பார்த்தார்.

பாண்டுரங்கன் ஜீப்பில் இறக்கினோம். மலைப்பாதையில் ஒவ்வொரு வளைவிலும் அவர் தலை என் மேல் இடித்தது. பாண்டுரங்கன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

கையை எடுத்துவிட்டார்கள். வலது கண்ணில் பார்வை வராது என்கிறார்கள்.

நவம்பர் 7

கருப்பனும் அம்மாக்கண்ணு அக்காவும் பஸ் ஏறி வந்திருந்தார்கள். ஆரஞ்சுப்பழம் வாங்கி வந்திருந்தார்கள்.

"போலீசு வந்து கேப்பான்" என்றார் கருப்பன். "தீவாளி வெடின்னு சொல்லிடு. கையிலயே வெடிச்சிடுச்சின்னு. நெசத்த சொன்னா சிங்காரம் மட்டும் உள்ள போவமாட்டான். உம் புருசனும்தான் போவான். கை போன ஆள ஜெயிலுக்கு அனுப்பாதம்மா."

அக்கா என் காலைத் தொட வந்தது. நான் காலை இழுத்துக்கொண்டேன்.

சாயங்காலம் ஏட்டு வந்தார். எப்படி ஆச்சு என்று கேட்டார். இவர் கண்ணில் கட்டோடு கட்டிலில் படுத்திருந்தார். தூக்கமா முழிப்பா தெரியவில்லை. கருப்பன் வாசற்படியில் நின்றுகொண்டு என்னையே பார்த்தார்.

"பன்னிக்கு வெச்ச வெடிங்க. செஞ்சவரு இவரோட அண்ணன் சிங்காரம். பல மாசமா செய்யறாரு. அன்னிக்கு இவரும் கூடப் போனாரு."

ஏட்டு இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். இன்னொரு தரம் சொன்னேன்.

இவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். முழித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

நவம்பர் 19

வீட்டுக்கு வந்தோம். அவர் என்னோடு பேசவில்லை. ஊட்டினால் தின்கிறார்.

வந்ததும் வெள்ளைச் சேவலைப் பிடித்தேன். சந்தைக்குக் கொண்டுபோக முடியாது. குழம்பு வைக்க முடியாது. கொட்டகையில் வைத்துத் தினமும் பார்க்கவும் முடியாது. அதற்கு ஒன்றும் தெரியாது, பசித்தது, தின்றது. தெரிந்தேதான் அறுத்தேன். ஆழமாகக் குழி வெட்டி, மேலே பாறை வைத்தேன். பாறையைத் தனியாகப் புரட்டினேன், இடுப்பு பிடித்துக்கொண்டது.

நவம்பர் 28

போலீசும் வனத்துறையும் வந்து மாமா வீட்டைத் தோண்டினார்கள். அடுப்புக்குப் பின்னால் ஒரு வாளி நிறைய வெடி உருண்டை இருந்தது. மாமா இல்லை. எந்தக் காட்டில் இருக்கிறாரோ.

அவர்கள் போனதும் அம்மாக்கண்ணு அக்கா என் மேல் பாய்ந்தது. குடத்தோடு வந்துகொண்டிருந்தேன், குடம் உருண்டது. முடியைப் பிடித்தது. நானும் பிடித்தேன். தரையில் புரண்டோம். என் காதைக் கடித்தது, ரத்தம் வந்தது. அதன் முகத்தை மண்ணில் அழுத்திப் பிடித்தேன், மூச்சுத் திணறுகிற வரை. விட மனசு வரவில்லை. ஜன்னலில் நின்று பார்த்தியே, நாயி மூஞ்சி இல்லாம வந்தப்ப பார்த்தியே, என்னை ஒதைச்சப்ப பார்த்தியே —

பிறகு கை தானாகத் தளர்ந்தது. இரண்டு பேரும் கொட்டிய தண்ணீர்ச் சேற்றில் உட்கார்ந்திருந்தோம். அது வாயிலிருந்து மண்ணைத் துப்பியது. துப்பிவிட்டுச் சொன்னது:

"அந்தாளு ஓடின நாள்லேர்ந்து நான் அடி வாங்கல. தெனம் விடிஞ்சா அதான் மொதல்ல நெனப்பு வருது. அதுக்கும் சேத்துதான் உன்ன அடிச்சேன்."

குடத்தை எடுத்துக்கொண்டு மறுபடி தண்ணீருக்குப் போனேன். கொஞ்ச தூரம் கழித்துப் பார்த்தால், பின்னால் அதுவும் குடத்தோடு வருகிறது.

டிசம்பர் 14

மாமாவைப் பிடித்துவிட்டார்கள். இவர் மேலும் கேஸ் இருக்கிறது. கை இப்படி இருப்பதால் உள்ளே வைக்கவில்லை. மாதம் ஒரு தரம் கீழே இறங்கிக் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்துப் போடக் கை இல்லை. இடது கட்டைவிரலை உருட்டுகிறார்கள்.

டிசம்பர் 30

சாமை பாதி பன்றிக்கும் பாதி மழைக்கும் போயிற்று. கோழிதான் சோறு போடுகிறது. எட்டு குஞ்சும் பெரிதாகிவிட்டன. அதில் ஐந்து பெட்டை.

அவர் கட்டிலில் உட்கார்ந்து கொட்டகையையே பார்க்கிறார். எந்தக் கோழி கிட்டத்தில் வந்தாலும் காலால் எத்துகிறார். இன்று ஒன்றுக்கு இடுப்பு ஒடிந்துவிட்டது. அவர் கண்முன்னாலேயே அறுத்தேன். முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

2025 ஜனவரி 17

இன்று பேசினார். அடுப்பு முன்னால், நான் கேட்காமலே.

"நீ எடு சின்னா, கை நடுங்கக் கூடாதுன்னு அண்ணன்தான் சொல்லிக் குடுத்தாரு. எடுத்தேன். வெடிச்சிது. அண்ணா அண்ணான்னு கூப்ட்டேன். பயந்துட்டு ஓடினாருன்னு நீ நெனச்சினு இருக்கிற. இல்ல. நின்னாரு. திரும்பி வந்து பாத்தாரு. எங் கையப் பாத்தாரு. குனிஞ்சி பக்கத்துல இருந்த பையை எடுத்துக்கினாரு, வெடி இருந்த பை. அத்த எடுத்துக்கினுதான் ஓடினாரு."

அடுப்பில் சோறு பொங்கி வழிந்தது. எடுத்து இறக்கினேன்.

"உன்ன அன்னிக்கு முடியப் புடிச்சி இழுத்தது இந்தக் கைதான்" என்றார். கையைப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. மொட்டையாக இருந்தது.

"இன்னொரு கை கீதே" என்றேன். "அது இன்னா பண்ணும்னு பாக்கறேன்."

சிரிக்கவில்லை. நானும் சிரிக்கச் சொல்லவில்லை.

பிப்ரவரி 9

கீரி மறுபடி வந்தது. இந்தத் தடவை எழுந்துவிட்டேன். சாக்கைப் போட்டு மூடி, சாக்கோடு அடித்தேன். அசைவு நிற்கும்வரை. அவர் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பிப்ரவரி 23, ஞாயிறு

மாமா ஜாமீனில் வந்திருப்பதாகப் பாண்டுரங்கன் வெள்ளிக்கிழமையே சொன்னார். நேற்று அம்மாக்கண்ணு அக்கா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டது. அதன் கோழிகளை மட்டும் என் கொட்டகையில் விட்டுவிட்டுப் போனது.

இன்று காலையில் மாமா வந்தார். நான் கொட்டகைக்குப் போகக் கிளம்பிக்கொண்டிருந்தேன். வாசலில் நிழல் தெரிந்தது. இளைத்துவிட்டார், தாடி. பூட்டிய தன் வீட்டைப் பார்த்துவிட்டுத்தான் இங்கே வந்திருக்கிறார்.

"சின்னா" என்றார். "வெளிய வாடா. பேசணும்." பிறகு என்னைப் பார்த்து, "உங்கிட்ட அப்பறம் வர்றேன்" என்றார்.

இவர் எழுந்து வந்தார். கதவுக்குப் பின்னால் செருகியிருந்த கொடுவாளை எடுத்தார், இடது கையால். சரியாகப் பிடிக்க வரவில்லை. பிடி நழுவியது, தொடையில் வைத்து அழுத்தி மறுபடி பிடித்தார். என்னைத் தாண்டிப் போய் வாசற்படியில் நின்றார்.

"போய்டுண்ணா."

"இன்னாடா சொல்ற? உன்ன வளத்தவன்டா நான்."

"தெரியும். போய்டு. எங்க பக்கம் கால் வெச்சீன்னா வெட்டிடுவேன். எனக்கு இந்தக் கைல குறி வராது. எங்க படும்னு எனக்கே தெரியாது."

மாமா கொடுவாளைப் பார்த்தார். மொட்டைக் கையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார், நான் உலக்கையை எடுத்து வந்து பக்கத்தில் நின்றது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. ஒரு தடவை காறித் துப்பினார். அந்த எச்சில் படியில் படவில்லை, மண்ணில் விழுந்தது. பிறகு திரும்பிப் பாதையில் இறங்கினார். பூட்டிய வீட்டுப் பக்கம் போகவில்லை. ஜீப் நிற்கிற ரோட்டுப் பக்கம் போனார்.

மாமா வளைவில் மறைந்த பிறகும் இவர் அப்படியே நின்றார். கொடுவாளைக் கொடுங்கள் என்றேன். கொடுக்க நினைத்தும் விரல் திறக்கவில்லை. ஒவ்வொரு விரலாக நான்தான் பிரித்து எடுத்தேன்.

"மறுபடி வருவாரு" என்றார்.

"வரட்டும்."

தண்ணீர் கொடுத்தேன், குடித்தார். பிறகு கொட்டகைக்குப் போனேன். வெயில் ஏறிவிட்டது. இவ்வளவு நேரம் அடைத்து வைத்ததில் பசி தாங்காமல் உள்ளே ஒன்றையொன்று கொத்திக்கொண்டிருந்தன. எங்கள் கோழி எது, அக்காவின் கோழி எது என்று பார்த்துப் பிரிக்கவில்லை. கதவைத் திறந்துவிட்டேன்.